அந்த இரண்டு நீண்ட கிளைகள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பரிணாம மரம் (எந்த இனம் எதற்கு நெருங்கிய சொந்தம் என்று காட்டும் கிளைப் படம்) போடுவது வெறும் எண்ணுகிற வேலை என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு டி.என்.ஏ. வரிசைகளை மேலும் கீழுமாக வைத்து, எத்தனை இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணினால் உறவின் தூரம் தெரிந்துவிடும் அல்லவா?

தெரியாது. டி.என்.ஏ.வில் ஏ, சி, ஜி, டி என்று நான்கே எழுத்துகள். ஓர் இடத்தில் ஏ என்ற எழுத்து ஜி ஆகி, திரும்பவும் ஏ ஆகியிருந்தால் நம் கண்ணுக்கு ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருக்கும். அப்படி மறைந்துபோன மாற்றங்களையும் சேர்த்து மதிப்பிட ஜூக்ஸ், கேன்டர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1969-இல் ஒரு சூத்திரம் தந்தார்கள். அதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நூறு இடங்களில் 10 வேறுபட்டால், நடந்த மாற்றங்கள் சுமார் 10.7. வேறுபாடு 30 என்றால் 38. 60 என்றால் 121! 75-க்கு விடையே கிடையாது. நான்கு எழுத்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு இறைத்தாலும் அவ்வளவுதான் வேறுபடும்.

அப்புறம் என் முதல் மரம். மிகக் குறைந்த மாற்றங்களில் முடிகிற மரத்தைத் தேடும் சிக்கன முறையில் போட்டேன். பத்தே இனங்கள்தான், அதற்கே வேரில்லாத மரங்கள் (பொது மூதாதை எங்கே என்று குறிக்காதவை) 20 லட்சத்துக்கு மேல் சாத்தியம். வந்த மரத்தில் இரண்டு இனங்கள் ஜோடி சேர்ந்திருந்தன, பூட்ஸ்ட்ராப் மதிப்பு 98. அதாவது, தரவை மாற்றி மாற்றிப் பொறுக்கிப் போட்ட மரங்களில் நூற்றுக்கு 98-இல் அதே ஜோடி வந்தது. சந்தோஷமாகக் கொண்டுபோய்க் காட்டினேன். என் மூத்த சக ஊழியர் அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. "இந்த ரெண்டு கிளையும் எவ்வளவு நீளம், பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார்.

கிளை நீளம் என்றால் அதில் நடந்த மாற்றங்களின் அளவு. வேகமாக மாறும் இரண்டு வரிசைகளில் தற்செயலாக ஒரே எழுத்து பல இடங்களில் அமைந்துவிடும். சிக்கன முறை அதைச் சொந்தம் என்று எடுத்துக்கொள்ளும். தரவு கூடக்கூட அந்தத் தவறு உறுதிப்படவும் கூடும் என்று ஃபெல்சென்ஸ்டைன் என்ற பரிணாம உயிரியலாளர் 1978-இலேயே காட்டியிருந்தார். மரங்களுக்குப் பூட்ஸ்ட்ராப்பை 1985-இல் கொண்டுவந்தவரும் அவரேதான். அது இருக்கிற தரவிலிருந்தே இடங்களைத் திரும்பத் திரும்பப் பொறுக்கி மரம் போடுகிறது. முறையே ஒரு பக்கம் சாய்ந்தால், ஒவ்வொரு மரமும் அதே பக்கம்தான் சாயும்.

சரி என்று, அந்த நீண்ட கிளைகளின் நடுவே பிரியக்கூடிய நெருங்கிய இனங்களைத் தேடிச் சேர்த்தேன். இடத்துக்கு இடம் மாற்ற வேகம் வேறுபடலாம் என்று கொள்ளும் மாடலை வைத்து, மீப்பெரு நிகழ்தகவு முறையில் (இந்தத் தரவு கிடைக்க அதிக வாய்ப்புத் தரும் மரத்தைத் தேடும் முறை) மறுபடி ஓட்டினேன். ஜோடி பிரிந்தது. புதிய இடத்தில் மதிப்பு 71 தான்.

அறிக்கையில் அந்த 71-ஐயே போட்டேன். பக்கத்தில் பழைய மரத்தையும் வைத்து, 98 எப்படி வந்தது என்று ஒரு பத்தி எழுதிச் சேர்த்தேன்.