ஆயா கையில் விழுந்த சீப்புக் கோடு

2004-ல் குடியாத்தத்தில் நடந்த அக்கா கல்யாணத்தின் மினிடிவி (MiniDV) எனும் சின்ன வீடியோ கேசட், எங்கள் காட்பாடி வீட்டு பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. வேலூரில் ஒரு கடையில் கொடுத்து, கம்ப்யூட்டரில் பார்க்கிற மாதிரி மாற்றி வாங்கினேன். ஆயா ஆரத்தி சுற்றும் இடத்தில் நிறுத்தினால், கை முழுக்கச் சீப்புப் பல் மாதிரி கோடுகள். சும்மா நின்றவர்கள் முகம் தெளிவாகத்தான் இருந்தது. கேசட் பழசாகிவிட்டது என்றார் கடைக்காரர்.

காரணம் அதுவல்ல. அது இன்டர்லேஸ் முறையில் எடுத்த படம். நம் ஊர் டிவிக்கான பிஏஎல் (PAL) முறையில் நொடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 முழுப் படம், ஒவ்வொன்றிலும் 576 வரிகள். இரட்டை வரிகள் ஒரு கணத்தில் பதிவானால், ஒற்றை வரிகள் நொடியில் 50-ல் ஒரு பங்கு தள்ளிப் பதிவாகும். இந்த ஒவ்வொரு பாதிக்கும் ஃபீல்டு என்று பெயர். அதற்குள் ஆயா கை நகர்ந்துவிடும். பழைய பெட்டி டிவி இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டியதால் உறுத்தவில்லை. இப்போதைய திரை இரண்டையும் ஒன்றாகக் காட்டும்போது கோடு விழுகிறது.

கடையில் அந்த 576 வரிகளைப் பிரிக்காமலே 720 ஆக இழுத்திருந்தார்கள். இரண்டு கணமும் ஒன்றோடொன்று கரைந்துபோனது. அந்த ஃபைலை வைத்து இனி ஒன்றும் செய்ய முடியாது. சத்துவாச்சாரி நண்பனிடம் பழைய கேமரா வாங்கி, கேமராவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஃபயர்வயர் ஒயரில் நானே முதலிலிருந்து ஏற்றினேன். ஒரு மணி நேரக் கேசட், சுமார் 13 ஜிபி.

அப்புறம்தான் யோசனை. டீஇன்டர்லேஸ் செய்தால், அதாவது இரண்டு கணங்களையும் தனித்தனிப் படமாகப் பிரித்தால், இல்லாத வரிகளை மென்பொருள் ஊகித்து நிரப்பும். செய்யாமல் விட்டால் அக்கா போனில் கோடு தெரியும். ஆரத்தி வரும் ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி, எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற மென்பொருளில், டீஇன்டர்லேஸ் செய்யும் யாடிஃப் (yadif) ஃபில்டரைப் போட்டுப் பார்த்தேன். 25 ஃப்ரேமாக எடுத்தபோது கோடு போனது, ஆனால் கை தத்தித் தத்திச் சுற்றியது. பதிவான கணங்களில் பாதி போய்விட்டதே! 50 ஆக எடுத்தேன். கை ஒரு அடி முன்னே போய் அரை அடி பின்னே வந்தது. மினிடிவியில் கீழ் ஃபீல்டுதான், அதாவது இரட்டை வரிகள்தான், முதலில் வரும். நான் மேல் ஃபீல்டைக் கொடுத்திருந்தேன். மாற்றியதும் தட்டில் சிவப்புத் தண்ணீர் தளும்புவதுகூட அப்படியே தெரிந்தது. அன்று மண்டபத்தில் பார்த்த அதே அசைவு.

பழைய வீடியோ என்ற ஒரே காரணத்துக்காக டீஇன்டர்லேஸ் செய்துவிடக் கூடாது. அசைவுள்ள இடத்தில் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். கோடு இல்லையென்றால் கை வைக்காதீர்கள். இருக்கிற தெளிவுதான் குறையும். விஎல்சி (VLC) பிளேயரில் பார்ப்பதற்கு மட்டும் என்றால் அதிலேயே டீஇன்டர்லேஸ் வசதி இருக்கிறது, ஃபைலைத் தொடவே வேண்டாம்.

கேசட்டிலிருந்து ஏற்றியதை அப்படியே இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்துவிட்டேன். 50 ஃப்ரேம் நகல் அக்காவுக்குப் போனது. ராத்திரியே கூப்பிட்டாள். "தம்பி, ஆயா வாய் அசையுது பாரு, ஏதோ பாடுறாங்கடா. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டித் தர முடியுமா?"

மேளச் சத்தத்துக்கு நடுவே அந்தப் பாட்டைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.