230 யென் பஸ்ஸும் நிஷிதாவின் கல்லும்

கியோட்டோவில் எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதெல்லாம் அப்புறம். அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு இன்று தூக்கம் வராது.

ரயில் நிலையத்திலிருந்து ‘வெள்ளி மண்டபம்’ எனப்படும் கின்காகுஜி (Ginkaku-ji) கோயிலுக்கு 230 யென். நிரம்பி வழிந்த இரண்டு பஸ்களை விட்டுவிட்டு மூன்றாவதில் தொற்றினேன். யாருடைய பெட்டியோ என் முழங்காலில் இடிக்க, முக்கால் மணி நேரம் ஒற்றைக்கால் தவம். பார்ப்பவன், பார்க்கப்படுவது என்று பிரிவதற்கு முந்தைய ‘தூய அனுபவம்’தான் மூலம் என்றார் ஜப்பானியத் தத்துவஞானி நிஷிதா கிதாரோ. அந்த நெரிசலில் எனக்கும் நான் வேறு, கூட்டம் வேறு என்று தெரியவில்லை.

கோயிலுக்குள் போகவில்லை, கட்டணம் மிச்சம். பக்கத்திலேயே தொடங்குகிறது தத்துவஞானியின் பாதை. கால்வாயை ஒட்டி ஏறத்தாழ 2 கிலோமீட்டர், காசே இல்லை! கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த நிஷிதா யோசித்தபடி நடந்த வழி இது. உதிர்ந்த செர்ரி இதழ்களை அள்ளிக்கொண்டு தண்ணீர் வடக்கு நோக்கிப் போகிறது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பூதான் வேண்டும், தத்துவஞானி வேண்டாம். அவர் கவிதை பொறித்த கல் வழியிலேயே நிற்கிறது. ‘பிறர் பிறரே, நான் நானே, எப்படியும் என் வழியில் நான் போகிறேன்’ என்பது அதன் சாரம். அதன்மீது முதுகுப்பையைச் சாய்த்துவிட்டு ஒருவர் செல்ஃபி எடுத்தார். அவர் போன பிறகு ஒரு முதியவர் வந்து, எழுத்துப் பள்ளங்களில் ஒட்டியிருந்த இதழ்களை விரல் நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

அந்த முதியவரைப் பார்த்ததும் 1947 நினைவுக்கு வந்தது. போரில் தோற்று, அரிசிக்கே ரேஷன் வரிசை நின்ற காலம். நிஷிதா இறந்து இரண்டு ஆண்டு. அவருடைய முழுத் தொகுப்பின் முதல் நூலுக்காக டோக்கியோவில் இவனாமி பதிப்பகத்தின் கடைவாசலில் வாசகர்கள் இரவெல்லாம் படுத்துக் கிடந்தார்கள். அதுவும் எளிய எழுத்தா? ஜப்பானியர்களே புரியவில்லை என்று புலம்பும் நடை!

மதியம், மீன் சாறு கலக்காத உணவைத் தேடி அலுத்து, உப்பில் ஊறிய உமே பழம் வைத்த இரண்டு சோற்றுருண்டைகள். அபார ருசி. நிஷிதா பிறந்த ஊரான உனோகேயில் கட்டடக்கலைஞர் ஆண்டோ தடாவோ கட்டிய நிஷிதா அருங்காட்சியகத்துக்கும் ஆசைதான். ரயில் கட்டணத்தைப் பார்த்ததும் ஆசை அடங்கியது.

மாலையில் ஒரு புத்தகக் கடையில் 1911இல் வந்த நிஷிதாவின் ‘நன்மை பற்றிய ஆய்வு’ கையடக்கப் பதிப்பாக இருந்தது. ஓர் எழுத்துகூட எனக்குத் தெரியாது. இருந்தும் வாங்கினேன். கடைப்பெண் அட்டைக்குக் காகித உறை மடித்துப் போட்டபடி ஏதோ கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.