மண்ணெண்ணெய் குடித்தவன்

பள்ளிக்கூட மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது முதலில் மறுத்தேன். நான் துடுப்பாட்ட அணியில் இருந்தவன் இல்லை. மாணவ முதல்வனாகவும் இருக்கவில்லை. பரிசளிப்பு விழாக்களில் கதிரை அடுக்கியதோடு சரி. "அப்ப அந்த மண்ணெண்ணெய்க் கதையை எழுதுங்கோவன்" என்றார் குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழர். 34 வருடமாகியும் அவர் அதை மறக்கவில்லை.

1991. பொருளாதாரத் தடை இறுகியிருந்த காலம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. இரவில் ஜாம் போத்தல் விளக்கு. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்ற வேண்டும். மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலை மணந்து எழும்பி, பிறகு மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடின. என் மாமா சந்தியில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் போகுமுன் பீப்பாயிலிருந்து போத்தல்களுக்கு எண்ணெய் இறக்குவது என் வேலை. கருவி ஒரு பழைய சலைன் குழாய். வாயால் இழுக்க வேண்டும்; எண்ணெய் வளைவைத் தாண்டி இறங்குவது தெரிந்ததும் வாயை எடுத்துவிட வேண்டும். (பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால்: செய்யவே வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.) ஒருநாள் காலை நான் எங்கேயோ பராக்குப் பார்த்துவிட்டேன்.

எத்தனை தரம் கொப்பளித்தும் மணம் போகவில்லை. முதற்பாடம் பௌதிகவியல். சேர் உள்ளே வந்தார், நின்றார், மூக்கைச் சுளித்தார்.

"ஆர் இங்கை மண்ணெண்ணெய் குடிச்சது?"

வகுப்பு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எழும்பி நடந்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை.

"அது சரி. நீர் வாயை எடுத்த பிறகு ஆர் இழுத்தது?"

பாடமாக்கி வைத்திருந்ததை ஒப்புவித்தேன்: "வளிமண்டல அமுக்கம், சேர்."

"காத்து பீப்பாயையும் அமத்துது, போத்தலையும் அமத்துது. இரண்டு பக்கமும் ஒண்டுதானே. பிறகேன் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஓடுது?"

என்னிடம் பதில் இல்லை. "சோதினையிலை கேட்டால் புத்தகத்திலை இருக்கிறதை எழுதும். வீட்டை போய் யோசியும்" என்றார். அந்த வருடம் முழுவதும் காத்திருந்தோம்; விடையை அவர் சொல்லவே இல்லை.

நான் பௌதிகவியலில் பிரகாசிக்கவில்லை. சாதாரண சித்திதான். 1995 ஒக்டோபர் 30 இரவு எல்லோரோடும் சேர்ந்து வலிகாமத்தை விட்டு நடந்தேன். அடுத்த வருடம் ரொறன்ரோ. இரவில் தொழிற்சாலை, பகலில் கணக்கியல் வகுப்பு. இன்றைக்கும் வரிக் கணக்குப் பார்த்துத்தான் சீவிக்கிறேன். சேரின் கேள்வி திரும்பி வந்தது பல வருடம் கழித்து, மகனுடைய மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற ஒரு ரியூப்பைக் கையில் எடுத்தபோது.

தொட்டியை ஓடவிட்டு, குழாயின் வெளிநுனியை மெதுவாக மேலே தூக்கிப் பார்த்தேன். ஓட்டம் குறைந்துகொண்டே வந்தது. தொட்டியின் நீர்மட்டத்துக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டது. காற்றில் ஒரு மாற்றமும் இல்லை. மாறியது உயர வித்தியாசம் மட்டும். சரி, இழுப்பது புவியீர்ப்பு. வெளியே தொங்கும் தண்ணீர் கீழே விழப்பார்க்கிறது, உள்ளே இருப்பதைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறது, மேசை விளிம்பால் வழுகும் சங்கிலி மாதிரி. அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

ஆனால் சங்கிலி உவமையில் ஓர் ஓட்டை இருந்தது. சங்கிலியில் பாரமான பக்கம் வெல்லும். அப்படியானால், தண்ணீர் ஏறும் பக்கத்துக்குப் பருத்த குழாயும் இறங்கும் பக்கத்துக்கு மெல்லிய குழாயும் பொருத்தினால் என்ன நடக்கும்? ஏறும் பக்கத்துத் தண்ணீர் பல மடங்கு பாரம். ஓட்டம் திரும்ப வேண்டாமா? நிலக்கீழ் அறையின் சலவைத் தொட்டியில் இரண்டங்குலக் குழாயும் சலைன் குழாயளவு ரியூப்பும் பூட்டி, ஒரு சனிக்கிழமை முழுக்க நனைந்தேன். ஓட்டம் திரும்பவில்லை. வழக்கம்போல் கீழ்மட்டத்துக்கே ஓடியது. திரவத்தின் அமுக்கம் ஆழத்தைப் பொறுத்தது, பாரத்தைப் பொறுத்தது அல்ல. பத்தாம் வகுப்பில் படித்த வரிதான். அது விளங்க எனக்கு முப்பது வயது கடந்திருந்தது.

2010இல் பத்திரிகையில் ஒரு செய்தி. அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஹியூஸ் என்ற பௌதிகவியலாளர், ஒக்ஸ்போட் ஆங்கில அகராதியில் சைபனுக்கு (இப்படித் திரவத்தை இறக்கும் வளைகுழாய்க்கு) தரப்பட்ட வரையறை பிழை, அதை இயக்குவது வளிமண்டல அமுக்கம் அல்ல என்று எழுதியிருந்தார். அந்த வரையறை 1911இலிருந்து அப்படியே கிடந்ததாம்! பத்திரிகையோடு வீடு முழுக்க ஓடினேன். மனைவி, "அதுக்கு இப்ப என்ன?" என்றார்.

காற்றுக்கும் பங்கில்லாமல் இல்லை. வளைவின் உச்சியில் தண்ணீர் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அதுதான். அதனால்தான் சாதாரணச் சைபன் ஏறத்தாழ 10 மீற்றருக்கு மேல் ஏற்றாது. கிணற்றுக்கு மேலே வைத்த பம்பும் அதே எல்லைக்குள்தான் உறிஞ்சும். ஆனால் காற்றுக் குமிழிகளை நன்றாக நீக்கிய திரவங்களால் வெற்றிடத்திலும் சைபன் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். திரவம் தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறது. இதை வாசித்தபோது எங்கள் வளவுப் பனைகள் நினைவுக்கு வந்தன. பனை 30 மீற்றர் வரை வளரும். பம்பும் இல்லை, உறிஞ்ச வாயும் இல்லை. ஓலைகளில் நீர் ஆவியாக, வேரிலிருந்து தண்ணீர் நூல் அறாமல் இழுபட்டு ஏறுகிறது. அத்தனை வருடம் அதன் கீழே நொங்கு குடித்தேனே தவிர, அண்ணாந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டதில்லை.

அப்புறம் வெறி பிடித்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது. சார்புக் கொள்கையை மட்டும் சொல்கிறேன். ஐன்ஸ்டீன் 1905இல் எழுதியது. ஓடும் மணிக்கூடு பிந்தும் என்கிறது. 1971இல் அணுக்கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றவைத்தார்கள். கிழக்கே போனவை 59 நனோ செக்கன் பிந்தின, மேற்கே போனவை 273 நனோ செக்கன் முந்தின. பூமியின் சுழற்சியும் பறந்த உயரமும் அந்தக் கணக்கில் சேர்ந்தே இருக்கின்றன. நம்பினேன். ஆனால் அது வேறு ஆட்களின் மணிக்கூடு. என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை.

மகனின் மீன்தொட்டி (மீன்கள் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டன) மறுபடி உதவியது. அதை முகிலறை ஆக்கினேன்: கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகள் அற்ககோல் ஆவியில் வெள்ளைத் தடம் விட்டுப் போகும் பெட்டி. அதைக் கவிழ்த்து, உள்ளே மேற்பக்கத்தில் ஐசோபுரொப்பைல் அற்ககோலில் ஊறிய கம்பளித்துணி, கீழே கறுப்புத் தகடு, தகட்டுக்கு அடியில் உலர்பனி (உறைந்த காபனீரொட்சைட்டு). ஜன்னல்களைத் திறந்துவிட்டு, விளக்கை அணைத்து, பக்கத்திலிருந்து ரோர்ச் அடிக்க வேண்டும். முதல்முறை ஒன்றும் தெரியவில்லை. நான் வாங்கியது 70 வீத அற்ககோல், அது போதாது. 99 வீதம் தேடி வாங்கினேன். பத்து நிமிடம் வெறும் மூட்டம். பிறகு வெள்ளை நூல் ஒன்று குறுக்கே ஓடி மறைந்தது. இன்னொன்று. மகனை எழுப்பினேன். இரவு இரண்டு மணி வரை இருவரும் குந்தியிருந்து பார்த்தோம்.

கட்டையாய்த் தடித்தவை, கதிரியக்கப் பொருட்களிலிருந்து வரும் அல்பாத் துணிக்கைகளின் தடங்கள். நேராக நீண்டவற்றில் பல மியூவோன்களுடையவை. மியூவோன் என்பது இலத்திரனைப் போன்ற, ஆனால் அதைவிடப் பாரமான துணிக்கை. வானில் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் உயரத்தில் பிறப்பவை. சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ செக்கன். ஒளியின் கதியில் ஓடினாலும் அதற்குள் 660 மீற்றர்தான் போகலாம். அப்படியிருக்க ஒரு நிமிடத்துக்கு ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஒன்று தரைக்கு வருகிறது. ஒளியின் கதியில் 99.9 வீதத்தில் ஓடும் மியூவோனின் மணிக்கூடு நமக்கு 22 மடங்கு மெதுவாக நடக்கிறது. 660ஐ 22ஆல் பெருக்குங்கள். கணக்காளனுக்கு இதைவிட இனிப்பான பெருக்கல் இல்லை.

2017இல் ஊருக்குப் போனேன். சேருக்கு எண்பது கடந்துவிட்டது. குரல் மட்டும் அதே குரல். நான் போன நேரம் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியைக் கழுவ ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டக் குழாயைத் தண்ணீருக்குள் முழுதாக அமிழ்த்தி நிரப்பி, ஒரு நுனியைப் பெருவிரலால் பொத்தி வெளியே எடுத்துக் கீழே விட்டேன். ஓடத் தொடங்கியது.

"வாயாலை இழுக்கேல்லையோ?" என்று சிரித்தார். நினைவு வைத்திருந்தார்!

தொட்டிக் கட்டில் இருந்தபடி மியூவோன் கதையைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"அது சரி. மியூவோனிலை ஏறி இருந்து பாத்தால் ஆற்றை மணிக்கூடு பிந்துது?"

"எங்கடை, சேர். அதுக்கு 15 கிலோமீற்றர் 670 மீற்றராய்ச் சுருங்கித் தெரியும். அதாலை நிலம் அதுகின்ரை ஆயுளுக்குள்ளை வந்து சேரும்."

"ஒண்டை ஒண்டு பாத்து 'நீதான் பிந்துறாய்' எண்டால், ஆர் பிழை?"

"இரண்டும் சரி, சேர். இரண்டு பேருக்கும் 'இப்ப' எண்டது ஒண்டில்லை..." என்று தொடங்கினேன். இது எனக்கு விளங்க இரண்டு பனிக்காலம் பிடித்தது. மண்ணில் தடியால் கோடு கீறிக்கொண்டிருக்கும்போதே குழாய் காற்றை இழுத்துக் களகளவென்று கத்தியது. தொட்டியடியில் நான்கு விரற்கடைத் தண்ணீர் மிச்சம். சேர் வாளியை எடுத்து நீட்டினார்.