மக்காச்சோளம்: மெஷின் அறுப்பும் பார் இடைவெளியும்

வேப்பூர், திட்டக்குடி பக்கம் மக்காச்சோளத்தை மெஷினில் அறுக்கப் போறவங்க, வண்டியைக் கூப்பிடும் முன்னாடி டேப் வச்சு பார் இடைவெளியை, அதாவது ஒரு செடி வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவுல உள்ள தூரத்தை அளந்துடுங்க. 60 செ.மீ. இடைவெளியில வாய் வச்ச ஹெட்டரை (மெஷினோட முன்பக்க அறுப்புப் பகுதி) 45 செ.மீ. பாரில் விட்டா, தட்டை சாய்ஞ்சுதான் அதைக் கீழே இழுக்கிற ரோலருக்குள்ள போகும். கதிர் தெறிச்சு மண்ணுல விழும். நெல் மாதிரி குறுக்கே ஓட்டக் கூடாது, விதைச்ச திசையிலதான்.

மணியோட அடியைக் கிள்ளிப் பாருங்க. கருப்பு விழுந்திருந்தா முத்திடுச்சு. ஆனாலும் ஈரம் 20% பக்கம் இறங்கட்டும். அதுக்கு ரொம்ப மேல இருந்தா, கதிர்ல இருந்து மணியைப் பிரிக்கிற டிரம்முல மணி நசுங்கும். அளவுக்கு மீறிக் காய்ஞ்சா கதிர் வயல்லயே உதிரும்.

ரோலர் மேல இருக்கிற தகடு இடைவெளி கதிரடியைவிடக் குறுகலா இருக்கணும். இல்லேன்னா ரோலரே மணியைக் கடிச்சிடும். டிரைவர் 'எல்லாம் சரியா இருக்கு'ம்பார். குனிஞ்சு நீங்களே பாருங்க.