அக்காவுக்குத் துணையாகப் போய் வந்தது

என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது தாராபுரம் பக்கம், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தோட்டத்தில். நம்ம பக்கத்துத் தோட்டத்து வீடுகள் எப்படி என்று தெரியும்தானே, ஊருக்குள்ளே மாதிரி சுவரை ஒட்டிச் சுவர் இருக்காது, பக்கத்து வீடு என்றால் அடுத்த தோட்டம், நடுவில் ஒரு பள்ளமும் சோளக்காடும் கிடக்கும், ராத்திரி பத்து மணிக்கு அங்கே ஒருத்தி கத்தினால் அடுத்த சாளைக்குக் கேட்காது. பதினோரு வருசம் அக்கா அங்கே இருந்தாள். இதை எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். "பேரு போடாம எழுது கண்ணு, யாருக்காச்சும் ஆகட்டும்" என்றாள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். புருசன் அடி தாங்காமல் அக்கா இரண்டு தடவை பொறந்த வீட்டுக்கு வந்தாள். இரண்டு தடவையும் பெரியப்பாவும் மாமனும் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்து பேசினார்கள், அக்கா வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு "இனிமே கை வெக்க மாட்டனுங்க" என்றார், எல்லோரும் காப்பி குடித்தார்கள், பொழுதோடு அக்காவை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டோம். "பையன் இருக்கானல்ல, அனுசரிச்சுப் போக்கா" என்று நானும்தான் சொன்னேன். மூன்றாவது தடவை அவள் அப்பா வீட்டுக்குப் போகவில்லை, திருப்பூரில் நான் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு வந்தாள். அப்போதும் என் வாயில் வந்த முதல் கேள்வி "இத்தனை நாள் ஏன் சொல்லலை?" என்பதுதான். அவள் சொல்லித்தான் இருந்தாள். நாங்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் அவளை வண்டி ஏற்றினோம்.

பனியன் கம்பெனியில் என்கூட செக்கிங் பார்க்கும் ஒருவர்தான் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் போடச் சொன்னார். காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். எடுத்த அம்மா பேர், ஊர் எதுவும் கேட்கும் முன்னால் "இப்ப உங்க அக்கா பத்திரமா இருக்காங்களா?" என்று கேட்டார். பதினோரு வருசத்தில் அதை யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. அப்புறம் சகி என்று சொல்லும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொன்னார். ஆலோசனை, வைத்தியம், போலீஸ், வக்கீல் எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே இடத்தில் உதவி செய்கிறார்கள், அவசரம் என்றால் ஐந்து நாள் வரை தங்கவும் வைத்துக்கொள்கிறார்கள்.

அங்கே போனதும் நான்தான் பேசினேன். எப்போ அடித்தார், எதால் அடித்தார், என்ன பேசினார் என்று எல்லாம் நானே கொட்டினேன், அக்கா சேலை முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆலோசகர் அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு "நீங்க சித்த நேரம் வெளிய இருங்கம்மா, அவங்க சொல்லட்டும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது, கூட்டிக்கொண்டு வந்தவளே நான்தானே. ஒன்றரை மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டிலும் அக்காவுக்குப் பதிலாக வேறு ஒருவர்தான் எப்போதும் பேசுவார் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

உள்ளே நடந்ததை அக்கா பஸ்ஸில் வரும்போது சொன்னாள். அவளே "வருசத்துக்கு ஒருக்கா ரெண்டு தடவதான் அடிப்பாருங்க, அதைப் போயி" என்று இழுத்திருக்கிறாள். அந்த அம்மா சட்டத்தில் வன்முறை என்பது நாலு வகை என்று விளக்கியிருக்கிறார், உடம்பில் அடிப்பது, படுக்கையில் கட்டாயப்படுத்துவது, வாயால் மனசை நோகடிப்பது, காசு பணத்தில் நசுக்குவது. நாலாவதைக் கேட்டதும் அக்கா அழுதுவிட்டாளாம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சாணி வாரி, தீனி போட்டு, பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றுவது அவள்தான். காசு போவது அவர் கணக்குக்கு. பையனுக்கு ஒரு நோட்டு வாங்கவும் இவள் கேட்டு நிற்க வேண்டும். பல்லில் ரத்தம் வந்ததைக்கூட அழாமல் சொன்னவள் பால் காசைச் சொல்லும்போது உடைந்துபோனாள்.

நான் எதிர்பார்த்தது, அன்றைக்கே கேஸ் போட்டு அவளை வெளியே கொண்டுவந்துவிடுவார்கள் என்று. அக்கா போகிறேன் என்றாள், பையன் அங்கே இருக்கிறான். ஆலோசகர் தடுக்கவில்லை, அதுவும் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. பிரிந்து வரும் சமயத்தில்தான் ஆபத்து அதிகம், ஏற்பாடு இல்லாமல் கிளம்பக்கூடாது, கிளம்புவது அக்காவின் முடிவாக இருக்க வேண்டும் என்றார். அதனால் ஏற்பாடு செய்தோம். ஆதார், ரேஷன் கார்டு, பையனின் பிறப்புச் சான்று, அக்காவின் பத்தாவது மார்க் சீட்டு எல்லாவற்றையும் என் போனில் போட்டோ எடுத்துக்கொண்டேன். அவள் போனை அவர் நோண்டுவார், அதனால் பேச்சுக்கு ஒரு அடையாளம் வைத்தோம். "கன்னுக்குட்டி தீனி எடுக்க மாட்டேங்குது" என்று அக்கா சொன்னால் நான் வேறெதுவும் கேட்காமல் உடனே ஆளோடு வர வேண்டும்.

புரட்டாசியில் ஒரு ராத்திரி அந்தப் போன் வந்தது. 181-க்குச் சொல்லிவிட்டு, வாடகைக் காரில் இரண்டு பேரோடு போனேன். அக்கா பையனைப் பிடித்துக்கொண்டு வண்டித்தடத்து முனையில் நின்றாள்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது அக்கா பழக்கத்தில் "வாசல்ல வழுக்கி உழுந்துட்டனுங்க" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை, கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். சித்த நேரம் கழித்து அவளே "இல்லைங்க, வீட்டுக்காரரு அடிச்சாரு" என்றாள். இதை அழுத்திச் சொல்கிறேன், காயத்துக்குக் காரணம் என்ன சொல்கிறோமோ அதுதான் ஏ.ஆர். என்னும் ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் ஏறும், பின்னால் கோர்ட்டில் அந்த ஏ.ஆர். காப்பிதான் பேசும். வழுக்கி விழுந்தேன் என்று எழுதிவிட்டால் அப்புறம் மாற்றுவது பெரும்பாடு.

போலீஸில் நடந்தது மனசுக்குக் கஷ்டம். நாங்கள் போன காவல் நிலையத்தில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு "புருசன் பொண்டாட்டி சண்டை, பேசிச் சரி பண்ணிக்கங்க" என்றார்கள், மறுபடியும் அதே வாசல் கட்டில் பேச்சுதான். மனு வாங்கியதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டேன், நாளைக்கு வா என்றார்கள். சேவை மையத்திலிருந்து ஒருவர் கூட வந்த பிறகுதான் ரசீது கிடைத்தது. மனுவுக்கு ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

அக்காவுக்கு இருந்த பெரிய பயம் அடி இல்லை, "அவரைத் தூக்கி உள்ளே வெச்சுருவாங்களா, பையன் நாளைக்கு என்னைக் கேப்பானே" என்பதுதான். எங்கள் அப்பாவும் இதையே சொல்லித்தான் தடுத்துக்கொண்டிருந்தார். கலெக்டர் ஆபீசில் சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலர்தான் இதைத் தெளிவாக்கினார். 2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனுப் போட்டதற்காக யாரையும் ஜெயிலில் போடமாட்டார்கள், அடிக்காதே, பக்கத்தில் வராதே, செலவுக்குப் பணம் கொடு, சீரைத் திருப்பிக் கொடு என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவதுதான் அது. பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் குற்றம், ஒரு வருசம் வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ வரும். கொடுமைக்கான கிரிமினல் கேஸ் வேறு, அது வேண்டுமா வேண்டாமா என்பது தனியாக யோசிக்க வேண்டியது. இதைக் கேட்டதும் அக்காவின் முகமே மாறிவிட்டது. பாதுகாப்பு அலுவலரிடமே சம்பவ அறிக்கை எழுதிக் கொடுத்தோம், டி.ஐ.ஆர். என்பார்கள், இரண்டு மணி நேரம் ஆனது. வக்கீல் சட்ட உதவி மையத்திலிருந்து இலவசமாகவே வந்தார், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை, 15100-க்குப் போன் போட்டாலும் விவரம் சொல்வார்கள்.

முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு அதிலிருந்து 60 நாளுக்குள் என்று சட்டத்தில் இருக்கிறது. எங்களுக்கு முதல் வாய்தாவே மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது.

அந்த இடைப்பட்ட நாட்கள்தான் கஷ்டம், இதைப் பற்றி யாரும் முன்னால் எனக்குச் சொல்லவில்லை. அக்கா தூங்க மாட்டாள். தெருவில் புல்லட் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒரு நாள் தீபாவளிக்கு முன்னால் "அவரு தனியா என்ன சாப்புடுவாரோ" என்று அழுதாள், திரும்பிப் போய்விடட்டுமா என்றாள். எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது, இவ்வளவு அலைந்தது எதற்கு என்று கத்தத் தோன்றியது. ஆலோசகர் அம்மா முன்பே சொல்லி வைத்திருந்தார், பாசம் இருப்பது தப்பில்லை, திரும்பிப் போனாலும் போகட்டும், உங்கள் வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருக்கக் கூடாது என்று. அதனால் "நீ எங்க இருந்தாலும் நான் வருவன்க்கா" என்று மட்டும் சொன்னேன். அன்று ராத்திரி முழுக்க அவள் அவரைப் பற்றியே பேசினாள், கல்யாணமான புதிதில் சென்னிமலைத் தேருக்குக் கூட்டிப்போனது உட்பட. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் போகவில்லை.

தை மாசம் இடைக்கால உத்தரவு வந்தது. பக்கத்தில் வரக்கூடாது, மாசாமாசம் செலவுக்குப் பணம், சீரைத் திருப்பித் தர வேண்டும். நகை இன்னும் இழுபறியில் இருக்கிறது. கல்யாணத்துக்கு அம்மா சீராக ஓட்டிவிட்ட சிந்து மாட்டின் வழி வந்த இரண்டு மாடுகளையும் வக்கீல் சீர்ப் பட்டியலில் எழுதியிருந்தார், அவை வந்துவிட்டன. பாதுகாப்பு அலுவலரும் ஒரு போலீஸ்கார அம்மாவும் கூட நிற்க, குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். இப்போது அக்கா அம்மா வீட்டில் இருக்கிறாள், அந்த ஊர் சொசைட்டியில் பால் ஊற்றுகிறாள், கணக்கு அவள் பேரில். முதல் தடவை பணம் ஏறியபோது பாஸ்புக்கை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினாள், கூடவே ஒன்றும் எழுதவில்லை.

மாசம் இரண்டு தடவை ஆலோசனைக்குப் போகிறாள், பையனும் போகிறான், அவன் இப்போதுதான் கொஞ்சம் பேச ஆரம்பித்திருக்கிறான். அடுத்த வாய்தா பங்குனியில். அவனுக்கு அன்றைக்குப் பரீட்சை, யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். நான் லீவு போட்டு வந்து பையனைப் பார்த்துக்கொள்கிறேன். கோர்ட்டுக்கு டவுன் பஸ்ஸில் தானே போய் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டாள் அக்கா.