முதல் பெயர் தெரியாதவன் அமெரிக்கக் குடிமகன் ஆன கதை

2024 மே மாதம் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். 2025 ஜூலையில் நீதிமன்றத்தில் வலது கையை உயர்த்தினேன். இடையில் போன பதினான்கு மாதத்தில் படிப்புக்கு ஆனது மூன்று வாரம். மற்றதெல்லாம் காகிதம் தின்ற காலம். நான் இருப்பது நியூ ஜெர்சியில். வேறு மாநிலத்தில் இதே வேலை ஐந்து மாதத்தில் முடிந்தவர்கள் உண்டு. அவர்கள் மேல் எனக்கு இன்னும் பொறாமைதான்.

என்-400 படிவத்தை இணையத்தில் நிரப்பி 710 டாலர் கட்டியதில் சிக்கல் எதுவும் இல்லை. கைரேகைக்குக் கூப்பிடக்கூட இல்லை, பழையதையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: உங்கள் பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொள்ள விரும்புகிறீர்களா? 'ஆம்' என்று தட்டினேன். அதற்குக் காரணம் உண்டு.

கும்பகோணம் பக்கத்தில் எங்கள் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, பிறகு நம் பெயர், அவ்வளவுதான். எனக்குப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்த ஏஜெண்டு அந்த இனிஷியலையும் விட்டுவிட்டு, இருந்த ஒற்றைப் பெயரை ஒரு கட்டத்தில் போட்டு மற்றதைக் காலியாக விட்டார். காலிக் கட்டத்தைப் பார்த்தால் அமெரிக்கர்களுக்குக் கை சும்மா இருக்காது. விசாவில் அங்கே 'எஃப்என்யு' என்று போட்டார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். அது கிரீன் கார்டுக்கு ஏறி, அங்கிருந்து ஓட்டுநர் உரிமத்துக்கும் காப்பீட்டு அட்டைக்கும் பரவியது. பல் மருத்துவரின் வரவேற்பறையில் "மிஸ்டர் ஃப்னூ" என்று கூப்பிடுவார்கள்; நான் எழுந்து போவேன். பன்னிரண்டு வருடம் ஃப்னூவாக வாழ்ந்திருக்கிறேன். அதனால்தான் என் பெயரை முன்னால் வைத்து, அப்பாவின் பெயரைப் பின்னால் சேர்க்கக் கேட்டேன்.

இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. குடியுரிமை அலுவலகம் தானே நடத்தும் பிரமாண விழாவில் பெயரை மாற்றித் தர மாட்டார்கள். அந்த அதிகாரம் நீதிபதிக்குத்தான். ஆகவே பெயர் மாற்றம் கேட்டவர்கள் நீதிமன்றத்தில் நடக்கும் விழாவுக்காகக் காத்திருக்க வேண்டும், அது அடிக்கடி நடப்பதும் இல்லை. அவசரம் உள்ளவர்கள் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று போட்டுவிட்டு, பிறகு மாநில நீதிமன்றத்தில் தனியாக மாற்றிக்கொள்ளலாம்.

தேர்வுக்கு வருகிறேன். என் காலத்தில் நூறு கேள்விகள். அதில் பத்து வரை கேட்பார்கள், ஆறு சரியாக இருந்தால் தேர்ச்சி. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 128 கேள்விகள். இருபது வரை கேட்பார்கள், பன்னிரண்டு சரியாக வேண்டும். பழைய அட்டைகளை நண்பரிடம் கடன் வாங்கிப் படிக்காதீர்கள்.

எனக்கு வாத்தியார் என் மகள். நான்காம் வகுப்பு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அட்டைகளை விரித்துக்கொண்டு உட்காருவாள். நாட்டின் உச்ச சட்டம் எது? அரசியல் சாசனம். அதன் முதல் மூன்று சொற்கள்? 'மக்களாகிய நாங்கள்', தமிழில் இரண்டு சொல்லாகிவிடுகிறது என்று சொன்னேன், மதிப்பெண் கிடைக்கவில்லை. எத்தனை சட்டத்திருத்தங்கள்? 27. முதல் பத்துக்கு என்ன பெயர்? உரிமைகள் சாசனம். அரசியல் சாசனத்துக்கு ஆதரவாக வந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை எழுதியவர்களில் ஒருவர்? நான் தயங்கினேன். மேடிசன், ஹாமில்டன், ஜான் ஜே என்று அவளே மூவரையும் ஒப்பித்துவிட்டு, "அப்பா, மூன்று பேரும் ஒரே புனைபெயரில் எழுதினார்கள், பப்ளியஸ். அதைச் சொன்னாலும் சரி என்று போட்டிருக்கிறது" என்றாள். 85 கட்டுரைகளை ஒரே பொய்ப் பெயரில் எழுதியவர்களை இந்த நாடு போற்றுகிறது. உண்மைப் பெயர் ஒன்றே ஒன்று வைத்திருந்த என்னைத்தான் படுத்தியது.

நான் தடுமாறும் போதெல்லாம் அவளுக்குக் கொண்டாட்டம். "நான் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமலே சிட்டிசன் ஆகிவிட்டேன், தெரியுமா?" பதினான்காவது திருத்தம், 1868. இங்கே பிறந்தவர்களும் குடியுரிமை பெற்றவர்களும் குடிமக்கள். அவள் அந்த வாக்கியத்தின் முன்பாதி, நான் பின்பாதி.

நியூ ஜெர்சிக்காரர்களுக்கு 2024இல் மட்டும் ஒரு கூடுதல் தண்டனை இருந்தது. உங்கள் மாநிலத்தின் செனட்டர் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்று ஒரு கேள்வி. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தவர் ஜூலையில் ஊழல் வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, ஆகஸ்டில் பதவி விலகினார். செப்டம்பரில் ஜார்ஜ் ஹெல்மி பதவியேற்றார். டிசம்பரில் ஆண்டி கிம் வந்துவிட்டார். ஒரு நாற்காலிக்கு ஒரே வருடத்தில் மூன்று பெயர். மகள்தான் சொன்னாள், அசையாமல் இருக்கிற மற்றவர் பெயரைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று. கோரி புக்கர். இது எனக்குத் தோன்றவில்லை.

முதல் நேர்காணல் செப்டம்பர் கடைசியில். விடுப்புப் போட்டு, காலை ஐந்தரைக்குக் கிளம்பி, ஒன்றரை மணி நேரம் ஓட்டி, வெள்ளைச் சட்டையும் டையுமாகப் போய் நின்றேன். வாசலில் காவலர் என் கடிதத்தை வாங்கிப் பார்த்தார், கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார், மறுபடி கடிதத்தைப் பார்த்தார். "உங்கள் பெயர் இன்று இல்லை." ஃப்னூ என்று தேடிப் பாருங்கள் என்றேன். தேடினார். அதுவும் இல்லை. காருக்குள் உட்கார்ந்து குடியுரிமை அலுவலகத்தின் இணையக் கணக்கைத் திறந்தால், எதிர்பாராத காரணங்களால் நேர்காணல் ரத்து என்று முந்தைய இரவே ஒரு அறிவிப்பு ஏற்றியிருக்கிறார்கள். மின்னஞ்சல் மறுநாள் வந்தது. தபாலில் கடிதம் ஒரு வாரம் கழித்து. கிளம்புகிற அன்று காலை, வண்டிச் சாவியை எடுக்கும் முன், கணக்கைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் முறை டிசம்பர் நடுவில். அதிகாரி நல்லவரா கெட்டவரா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். மேஜையில் ஒரு டேப்லெட். அதில் வந்த வாக்கியத்தைப் படித்தேன். பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். பேனா போன்ற பிளாஸ்டிக் குச்சி கண்ணாடிமேல் வழுக்குகிறது. 'வாஷிங்டன்' என்று எழுதி முடிப்பதற்குள் என் கையெழுத்து ஒன்றாம் வகுப்புக்குத் திரும்பிவிட்டது. பரவாயில்லை, படிக்க முடிந்தால் போதும். பிறகு கேள்விகள். சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன, உச்ச நீதிமன்றத்தில் எத்தனை நீதிபதிகள், அமெரிக்காவின் மேற்குக் கரையில் எந்தப் பெருங்கடல், இப்படி வரிசையாக ஆறு. ஆறும் சரி. அதோடு நிறுத்திவிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பப்ளியஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அதன்பிறகு பயணப் பட்டியலை எடுத்தார். முதலில் ஒரு தேதி இடித்தது. சென்னையில் விமானம் விடியற்காலை மூன்று மணிக்கு. நான் விமான நிலையத்துக்குப் போன இரவின் தேதியைப் போட்டிருக்கிறேன், பாஸ்போர்ட் முத்திரையில் மறுநாள். அதை அவரே திருத்திக்கொண்டார். அடுத்த வரியில் விரல் நின்றது. 2022இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது ஊரில் 194 நாள் இருந்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு மேல், ஒரு வருடத்துக்குள் என்றால், இங்கே வசிப்பதை விட்டுவிட்டீர்கள் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். விடவில்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. இது எனக்குத் தெரியும். வீட்டு வாடகை ஒப்பந்தம், மனைவியும் மகளும் இங்கேயே இருந்ததற்குப் பள்ளிக் கடிதம், அலுவலகம் கொடுத்த விடுப்புக் கடிதம், வரிக் கணக்கின் நகல் எல்லாம் தடித்த கோப்பில் கொண்டுபோயிருந்தேன்.

வரிக் கணக்கின் நகலைப் பார்த்ததும் தள்ளி வைத்தார். இது நீங்கள் அனுப்பியது. வருமான வரித் துறை பதிவு செய்ததன் டிரான்ஸ்கிரிப்ட் எங்கே? கைவசம் இல்லை. இங்கேயே கைப்பேசியில் இறக்கித் தரட்டுமா என்று கேட்டேன். கைப்பேசியைத் தொடக் கூடாது. மாலைக்குள் அனுப்பட்டுமா? கடிதம் வரும், அதற்குப் பதிலாக அனுப்புங்கள். தேர்வில் தேர்ச்சி, முடிவு பிறகு என்று அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அன்று மாலை டிரான்ஸ்கிரிப்ட்டை இறக்கப் பத்து நிமிடம் ஆனது, காசும் இல்லை. ஐந்து வருடத்துக்கும் இறக்கி, நேர்காணலுக்கு எடுத்துப் போங்கள். நீண்ட பயணம் இல்லாவிட்டாலும் எடுத்துப் போங்கள்.

ஜனவரியில் அனுப்பினேன். பிப்ரவரியில் ஒன்றுமில்லை. தொலைபேசியில் இயந்திரக் குரலைத் தாண்டி மனிதக் குரலைப் பிடிக்கவே முதல் முறை ஐம்பது நிமிடம். உங்கள் கோப்பு வழக்கமான கால அளவுக்குள்தான் இருக்கிறது என்றார் அந்தப் பெண். மார்ச்சில் வேறொருவர், அதே வாக்கியம்.

அந்த எரிச்சலில்தான் ஒருநாள் சுதந்திரப் பிரகடனத்தை முழுதாகப் படித்தேன். தேர்வுக்குப் படிக்கிற எல்லாரையும் போல எனக்கும் உயிர், சுதந்திரம், மகிழ்ச்சியைத் தேடும் உரிமை என்ற வரியோடு அது முடிந்துவிட்டதாக நினைப்பு. உண்மையில் அதற்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மேல் வரிசையாக 27 புகார்கள். நம் ஊரில் மனுநீதி நாளுக்குக் கலெக்டரிடம் எழுதிக் கொண்டுபோவோமே, அந்தத் தோரணை. சட்டங்களுக்கு ஒப்புதல் தரவில்லை, சபைகளைக் கலைத்தார், நீதிபதிகளைத் தன் கைக்குள் வைத்தார் என்று போகிறது. ஏழாவது புகாரில் எழுந்து உட்கார்ந்தேன். வெளிநாட்டவருக்குக் குடியுரிமை தரும் சட்டங்களுக்கு மன்னர் முட்டுக்கட்டை போடுகிறார் என்று 1776இல் ஜெஃபர்சன் எழுதியிருக்கிறார். என் புகார் 249 வருடத்துக்கு முன்பே பதிவாகியிருக்கிறது!

ஆனால் அதே ஆட்கள் 1790இல் போட்ட முதல் குடியுரிமைச் சட்டம் 'சுதந்திரமான வெள்ளையருக்கு' மட்டும்தான். முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பஞ்சாபிக்காரர் பகத் சிங் திண்டுக்குக் குடியுரிமை கொடுத்துப் பிடுங்கி, மறுபடி கொடுத்து, 1923இல் உச்ச நீதிமன்றமே நீ வெள்ளையன் இல்லை என்று தீர்ப்பளித்தது. அவருக்கு அது நிலையாகக் கிடைத்தது 1936இல். இந்தியர்களுக்குப் பொதுவாக வழி திறந்தது 1946இல். இதைப் படித்துவிட்டு அன்று இரவு தொலைபேசியில் யாரையும் திட்டவில்லை. மறுநாள் திட்டினேன்.

முதல் சட்டத்திருத்தத்தில் உள்ள ஓர் உரிமையைச் சொல் என்றால் எல்லாரும் பேச்சுரிமை என்போம். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றை நான் சொல்லிப் பழகியதே இல்லை: குறைதீர்க்கக் கோரி அரசிடம் மனுக்கொடுக்கும் உரிமை. பக்கத்து வீட்டுக் குஜராத்திக்காரர்தான் வழி காட்டினார். உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போங்கள், நீங்கள் ஓட்டுப் போடாதவர் என்றாலும் செய்வார்கள்.

அந்த அலுவலகம் ஒரு கடைவரிசையில், பீட்சா கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருந்தது. கல்லூரி முடித்த கையோடு வந்ததுபோல் இருந்த ஒரு பெண் என் கதையைக் குறுக்கிடாமல் கேட்டார். ஒரே கேள்விதான் கேட்டார்: "நேர்காணல் முடிந்து 120 நாள் ஆகிவிட்டதா?" ஆகியிருந்தது. அதற்குமேல் முடிவு சொல்லாவிட்டால் விண்ணப்பித்தவர் மாவட்ட நீதிமன்றத்துக்கே போகலாம். அது அவர்களுக்கும் தெரியும், நம் கடிதத்தில் அந்த எண்ணைப் போட்டாலே போதும் என்றார். என் தகவல்களைப் பார்க்க அனுமதிக்கும் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அரசின் ஒரு கிளை மிஞ்சிப் போகாமல் தடுப்பது எது என்ற கேள்விக்கு என் மகளிடம் நூறு முறை பதில் சொல்லியிருக்கிறேன்: கிளைகள் ஒன்றையொன்று தடுத்துச் சமன்செய்யும் ஏற்பாடு. அது அந்தப் பெண்ணின் மேஜையில் ஒரு பக்கத் தாளாக இருந்தது.

பதினெட்டாம் நாள், கோப்பு பரிசீலனையில் இருப்பதாக அவர்களுக்குப் பதில் வந்தது. அதிலிருந்து மூன்று வாரத்தில் எனக்கு ஒப்புதல். கடிதத்தால்தான் நடந்ததா, தானாகவே நடந்திருக்குமா, தெரியாது. நான் அந்தப் பெண்ணுக்கு மைசூர்பாகு கொண்டுபோனேன். பரிசு வாங்கக் கூடாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஜூலையில் நீதிமன்றம். எழுபது எண்பது பேர் இருந்தோம். கிரீன் கார்டை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். பிரமாணம் எடுக்கும் வரை கையில் ஒரு நாட்டின் அட்டையும் இல்லாத அந்த ஒன்றரை மணி நேரம் வயிற்றைக் கலக்கியது. எந்த அந்நிய மன்னருக்கும் அரசுக்கும் விசுவாசம் இல்லை என்று சொல்ல வேண்டும். தஞ்சாவூரில் மராட்டிய மன்னராட்சி 1855இலேயே முடிந்துவிட்டதால் அந்தப் பகுதி எனக்குச் சுலபமாக இருந்தது. சான்றிதழைக் கொடுத்ததும் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். எனக்கு முன்னால் நின்றவருக்குப் பிறந்த ஆண்டு தவறு. அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். என்னுடையதில் என் பெயர் முன்னால், அப்பா பெயர் பின்னால். அங்கிருந்தே அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். இன்னும் பேச்சு முழுதாகத் திரும்பவில்லை அவருக்கு. விரலால் திரையில் தன் பெயரைத் தொட்டுப் பார்த்தார்.

கதை அதோடு முடியவில்லை. குடியுரிமை மாறியதும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும் அல்லவா? போன வாரம் எல்லாவற்றையும் அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் இருப்பவர் ஒற்றைப் பெயர்க்காரர், சான்றிதழில் இருப்பவருக்கு இரண்டு பெயர். நீதிபதி கையெழுத்திட்ட பெயர் மாற்ற ஆணையின் நகலும், இரண்டு பேரும் ஒருவரே என்று நோட்டரி முன் எழுதிய உறுதிமொழிப் பத்திரமும் வேண்டுமாம். நாளை நோட்டரியிடம் போகிறேன்.