எந்தப் பூனை என்ற கேள்வி

“எந்தப் பூனைன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க டாக்டர், மத்ததை நான் பார்த்துக்கிறேன்” என்றார் அந்த ஐயா. வீட்டுச் சுவரில் சிறுநீர் பீய்ச்சுவது எந்தப் பூனை என்பதுதான் அவர் கேள்வி. கேட்டதில் தவறில்லை, கண்டுபிடிக்கும் சோதனையும் என் கையில் இருந்தது. ஆனாலும் நான் அந்தச் சோதனையைச் செய்யவில்லை. பினாங்கில் பூனைகளுக்கு மருத்துவம் பார்க்கும் எனக்கு, இதைவிடக் கடினமான முடிவுகளெல்லாம் மறந்துபோக, இது மட்டும் மனத்தில் தங்கிவிட்டது.

ஜெலுத்தோங்கில் ஒரு டெரஸ் வீடு, அதில் ஐந்து பூனைகள். ஐயாவோடு வந்திருந்த அந்த வீட்டு அம்மா கைப்பேசியில் காட்டிய படத்தில், வாசல் கண்ணாடிக் கதவின் திரைச்சீலையில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே தொடங்கிய மஞ்சள் கறை, கோடு கோடாக வழிந்து காய்ந்திருந்தது. உட்கார்ந்து சிறுநீர் கழிக்கும் பூனை தரையில் குட்டையாகத் தேங்கவிடும். எல்லை குறிக்கும் பூனையோ நின்றபடி, நிமிர்ந்த வால் நடுங்க, பின்னால் இருக்கும் செங்குத்தான பரப்பில் கொஞ்சமாகப் பீய்ச்சும். இது இரண்டாவது வகை என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சாமி மேடைக்குக் கீழே உள்ள சுவரிலும் அதே கறை இருந்ததுதான் ஐயாவின் பொறுமையை முடித்துவைத்தது. எல்லாவற்றுக்கும் கருத்தடை செய்தாயிற்றே என்று அவர் கேட்டார். செய்த பிறகும் கடுவன்களில் ஏறத்தாழ 10 சதவீதமும் பெட்டைகளில் 5 சதவீதமும் இந்தப் பழக்கத்தை விடுவதில்லை, பல பூனைகள் சேர்ந்து வாழும் வீட்டில் அதற்கான வாய்ப்பு இன்னும் கூடுதல் என்று விளக்கினேன்.

அவர் மனத்தில் குற்றவாளி முன்பே முடிவாகியிருந்தது. கடைசியாக வந்து சேர்ந்த கறுப்பன் என்ற கடுவன், கூடத்திலிருந்த பெட்டைப் பூனையைப் புரட்டி எடுக்கும் காணொளி ஒன்றைக் காட்டினார். நான் அதை மீண்டும் ஓட்டிப் பார்த்தேன். சண்டைக்குச் சற்று முன்பு கறுப்பன் சன்னல் கம்பிக்குப் பின்னால், காது மடங்கி, வால் பருத்து நின்றது. வெளியே கார் நிறுத்தும் இடத்தில் ஒரு தெருக் கடுவன் நிதானமாக நடந்துபோனது. எட்டாத பகைவன்மேல் எழுந்த சீற்றம், அருகில் வந்த பெட்டைமேல் இறங்கிவிட்டது. அடிக்கும் பூனைதான் சுவரையும் நனைக்கிறது என்று இதைக்கொண்டு சொல்ல முடியாது; அடிபட்டு அஞ்சி ஒதுங்கும் பூனையும் பீய்ச்சக்கூடும், இரண்டு மூன்று சேர்ந்தும் செய்யக்கூடும்.

கண் புண்ணைப் பார்க்க நாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஃபுளோரசீன் சாயத்தைக் குளிகையில் அடைத்து, ஒரு நேரத்தில் ஒரு பூனைக்கு மட்டும் கொடுத்தால், அடுத்த ஒரு நாள் வரை அதன் சிறுநீர் புற ஊதா விளக்கின் ஒளியில் பச்சையாக மின்னும். அந்தச் சோதனையைத்தான் ஐயா எங்கோ படித்துவிட்டு வந்திருந்தார். சாதாரணப் பூனைச் சிறுநீரும் அந்த ஒளியில் ஓரளவு மின்னும் என்றும், சிறுநீரில் அமிலம் மிகுந்தால் சாயத்தின் ஒளி மங்கிவிடும் என்றும், ஐந்து பூனைகளுக்கும் இடைவெளி விட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லி, அவரை அந்த எண்ணத்திலிருந்து திருப்பினேன். சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் நான் மறுத்ததற்கு அவை காரணங்களல்ல. “மத்ததை நான் பார்த்துக்கிறேன்” என்பதன் பொருள் பாசாரில், அதாவது சந்தையில், கொண்டுபோய் விட்டுவிடுவது என்று எனக்குப் பட்டது. 2015ஆம் ஆண்டில் மலேசியாவின் விலங்கு நலச் சட்டம் வந்த பிறகும் பூனைகள் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. என் சாயம் ஒரு பூனையை அங்கே அனுப்பக் கூடாது என்று நினைத்தேன்.

அதற்குப் பதிலாக வீட்டையே மருந்தாக்க முயன்றேன். நோய் ஏதுமில்லை என்று சிறுநீரைப் பரிசோதித்து உறுதி செய்துகொண்ட பின், ஐந்து பூனைகளுக்கு ஆறு மணல் தட்டுகள், அவையும் ஒரே மூலையில் இல்லாமல் வெவ்வேறு இடங்களில். சன்னலின் கீழ்ப்பாதியை மறைக்கும் மங்கல் தாள். குளோராக்ஸ் என்ற வெளுப்புத் திரவத்துக்குப் பதிலாகச் சிறுநீரைச் சிதைக்கும் நொதித் திரவம். ஏறி ஒதுங்கிக்கொள்ள உயரத்தில் பலகைகள். கறுப்பனுக்குச் சில வாரங்கள் தனி அறை, பிறகு மூடிய கதவின் இருபுறமும் உணவு வைத்து மெல்ல மெல்ல மீண்டும் பழக்குவது. அந்த அம்மா ஒவ்வொன்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். கறை குறைந்தது என்று பிறகு செய்தி அனுப்பினார். முழுமையாக நிற்கவில்லை.

நிற்காத அந்தக் கொஞ்சத்துக்காகக் கறுப்பனை யாரோ உறவினரின் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அது நல்ல இடம் என்று அந்த அம்மா சொன்னார். நான் மேலும் கேட்கவில்லை. கறுப்பன் போன பிறகும் திரைச்சீலை நனைகிறதா என்பதை அவர் சொல்லவில்லை. நனைந்திருந்தால், சோதனை ஒன்றுதான் அந்தப் பூனைக்குச் சாட்சி சொல்லியிருக்கும், அதை நான் கொடுக்கவில்லை. நனையவில்லை என்றால், அதே சோதனை கறுப்பனை இன்னும் சீக்கிரமாக வெளியேற்றியிருக்கும். இந்த இரண்டில் எதை எண்ணினாலும், அன்று என் முன்னால் இருந்தவரின் குரலையும் முகத்தையும் வைத்து வேறு முடிவு எடுத்திருக்க முடியாது என்றே தோன்றுகிறது. ஆனால் ஒருவரின் குரலை வைத்து அவருக்கு உரிய தகவலை மறுக்க மருத்துவருக்கு உரிமை உண்டா என்று கேட்டால், என்னிடம் விடை இல்லை. ஒருவேளை அவர் தனி அறை கட்டவும் ஆயத்தமாக இருந்திருக்கலாம். நான் அவரிடம் அதைக் கேட்கவே இல்லை.

வேறொரு குறையும் உண்டு. தட்டும் மங்கல் தாளும் போதாத இடத்தில், பதற்றத்தைத் தணிக்கும் ஃபுளுவாக்ஸெட்டின் என்ற மாத்திரை பல பூனைகளுக்குக் கைகொடுக்கிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதை ஐந்துக்கும் கண்மூடித்தனமாகக் கொடுக்க முடியாது, எதற்குக் கொடுப்பது என்று தெரிய வேண்டும். அந்த வீட்டில் அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை, எடுத்திருந்தால் சோதனைக்கே திரும்பி வந்திருப்போம்.

அண்மையில் ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு குடும்பம் இதே தொல்லையோடு வந்தது. விடை கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று முதலில் கேட்டேன். வைத்தியம் பார்ப்போம் என்றார்கள். அது மெய்யா என்று அறிய எனக்கு வழியில்லை. சாயத்தைக் கொடுத்தேன், வீட்டிலேயே மூத்த, மிகவும் சாதுவான பெட்டைப் பூனையின் சிறுநீர்தான் மின்னியது. அதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.